சிறிய அலுமினியப் படகுக்கு எந்தப் பெயிண்ட்?

வணக்கம். நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். அரியாங்குப்பம் பக்கம் பழைய 12 அடி அலுமினியப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ரிவெட் அடித்த படகு. பழைய பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. பெயிண்ட் கடைக்காரர் ரெட் ஆக்சைடு அடித்து அதன் மேல் எனாமல் அடிக்கச் சொல்கிறார். வீராம்பட்டினத்து மீனவ நண்பரோ, பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்கத் தன் ஃபைபர் படகின் அடியில் அடிக்கும் செம்பு கலந்த சிவப்புப் பெயிண்ட்டைச் சொல்கிறார். இரண்டில் எது என்பது உங்கள் கேள்வி. அதற்குள்ளேயே இன்னும் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: பெயிண்ட் ஏன் இந்த உலோகத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, இந்தப் படகுக்குப் பெயிண்ட் அவசியம்தானா. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

நான் உலோக அரிமானம் படித்து, கப்பல்களுக்கும் படகுகளுக்கும் பெயிண்ட் வேலையை மேற்பார்வையிடும் தொழிலில் பல வருடங்களாக இருப்பவன். உங்கள் படகை நேரில் பார்க்கவில்லை. அதனால் தகட்டின் தரத்தையோ, ரிவெட்டுகளின் நிலையையோ என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. அலுமினியமும் பெயிண்ட்டும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல முடியும்.

உங்களுக்கு யோசனை சொன்ன இருவருமே அவரவர் பொருளுக்குச் சரியானதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரருக்குப் பழக்கம் இரும்பு கேட், கிரில், ஷட்டர். நண்பருக்குப் பழக்கம் ஃபைபர். 2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம், தாழங்குடாவிலிருந்து புதுச்சேரிக் குப்பங்கள் வரை ஃபைபர் படகுதான் பரவலாகிவிட்டது. அலுமினியப் படகு இந்தக் கரையில் அபூர்வம். அதனால் கேட்கிற இடமெல்லாம் வேறு உலோகத்துக்கான, வேறு பொருளுக்கான பதிலே கிடைக்கிறது.

முதலில் செம்புப் பெயிண்ட். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது: உங்கள் படகில் அது படவே கூடாது. அந்தப் பெயிண்ட்டில் கியூப்ரஸ் ஆக்சைடு என்ற செம்புச் சேர்மம் நிறைய இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துதான் பாசியையும் சிப்பியையும் விரட்டுகிறது. ஃபைபருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அலுமினியம் அப்படியில்லை. உப்புத் தண்ணீருக்குள் செம்பும் அலுமினியமும் அருகருகே இருந்தால் அவற்றுக்கிடையே ஏறக்குறைய அரை வோல்ட் மின்னழுத்த வேறுபாடு வரும். அதாவது ஒரு பேட்டரி உருவாகிவிடும், அதில் கரைந்து தீர்கிற தகடு உங்கள் படகு. கரைந்து வரும் செம்பு, அலுமினியத்தின் மேல் பொட்டுப் பொட்டாகப் படிந்து, ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் ஒரு குழியைத் தோண்டும். இந்த அளவுப் படகுகளில் தகடு பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். ஊசி முனை அளவு குழி மறுபக்கம் வந்துவிட அதிக காலம் ஆகாது. இதே காரணத்தால் படகுக்குள் செம்புக் கம்பித் துண்டு, பித்தளைத் திருகு, செப்புக் காசு எதுவும் அடியில் கிடக்க விடாதீர்கள். ஒரே ஒரு துண்டு வயர் தேங்கிய உப்புத் தண்ணீரில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தால் போதும், கீழே ஓட்டை விழ வாய்ப்பு உண்டு.

‘அடியில் நல்ல எபாக்ஸி (கெட்டியாக இறுகி ஈரத்தைத் தடுக்கும் பிசின் பூச்சு) அடித்து, அதன் மேல் செம்புப் பெயிண்ட் அடித்தால் உலோகத்தில் படாதே’ என்று சிலர் கேட்பார்கள். தாளில் எழுதிப் பார்த்தால் சரிதான். ஆனால் இந்த அளவுப் படகைக் கரையில் இழுத்துத்தான் வைப்பார்கள். மணலில் ஒருமுறை ஆழமாகக் கீறினால் எபாக்ஸி போய்விடும். அப்புறம் சுற்றியிருக்கும் செம்பு முழுவதும் அந்த ஒரு கீறலைக் குறிவைக்கும். காப்பர் தயோசயனேட் என்ற வெள்ளைநிறச் செம்புச் சேர்மம் கலந்த பெயிண்ட்டுகள் அலுமினியத்துக்கும் ஆகும் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. எபாக்ஸித் தடுப்புக்கு மேல்தான் அடிக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கின்றன. கியூப்ரஸ் ஆக்சைடை விட அது சாது என்பது உண்மை. எந்நேரமும் தண்ணீரில் மிதக்கும் பெரிய அலுமினியப் படகுக்கு அதை ஒப்புக்கொள்வேன், கரையில் இழுபடும் சிறிய படகுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு காலத்தில் அலுமினியப் படகுகளுக்கு டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்ட் அடித்தார்கள். சிப்பி, நத்தை இனங்களையே கெடுக்கிறது என்று தெரிந்ததும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் தடை உடன்படிக்கை கொண்டுவந்தது, அது 2008-ல் நடைமுறைக்கு வந்தது. யாராவது பழைய டப்பாவில் மிச்சம் இருக்கிறது என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

இப்போது கடைக்காரரின் ரெட் ஆக்சைடு, எனாமல். இது செம்பு போல ஆபத்தானது கிடையாது, ஆனால் நிற்காது. அலுமினியத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், அந்தப் புது மேற்பரப்பு காற்றுப் பட்டவுடனேயே தன் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலத்தைப் போட்டுக்கொள்ளும். அலுமினியம் கடலில் தாக்குப்பிடிப்பதே இந்தப் படலத்தால்தான். ஆனால் நாளாக ஆக அது ஈரத்தை இழுத்து, உப்பும் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து, பெயிண்ட் பிடிக்க முடியாத பரப்பாகிவிடும். ரெட் ஆக்சைடு இரும்புக்காகச் செய்தது, வழவழப்பான அலுமினியத்தில் அதற்குப் பிடிமானம் கிடையாது. எனாமலோ எந்நேரமும் தண்ணீரில் ஊறும் இடத்துக்கே ஆகாதது. உங்கள் படகில் உரிகிற அந்தச் செதிலை நகத்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சுத்தமாக, உலோகத்தின் கோடுகள் அச்சு எடுத்தது போலத் தெரிந்தால், முன்பு அடித்தவர் தேய்க்காமலோ சரியான பிரைமர் இல்லாமலோ அடித்திருக்கிறார். வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால், அடியில் உப்பு புகுந்து அலுமினியம் அரிக்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டாவது என்றால் பழைய பெயிண்ட்டை முழுக்க எடுத்தாக வேண்டும், மேலோட்டமாகத் தேய்த்தால் போதாது.

சரி, பெயிண்ட் அவசியமா? 5052, 5083, 5086 போன்ற மெக்னீசியம் கலந்த கடல்தர அலுமினியத்தில் செய்த படகு என்றால், அரிமானத்துக்காகப் பெயிண்ட் வேண்டியதே இல்லை. உலகெங்கும் வேலைப் படகுகள் பல வெறும் உலோகமாகவே ஓடுகின்றன. நிறத்துக்காக, வெயிலில் கண் கூசாமலிருக்க, தகடு சூடாகாமலிருக்க, பாசி பிடிக்காமலிருக்க என்று இவற்றுக்குத்தான் பெயிண்ட். சுண்ணாம்பாற்றில் காலையில் இறக்கி மாலையில் கரையேற்றும் பழக்கம் இருந்தால், அடிப்பகுதியில் பாசித்தடுப்புப் பெயிண்ட் எதுவுமே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. சிப்பி ஒட்டி வளர அது தண்ணீரிலேயே நாள்கணக்கில் கிடக்க வேண்டும். தினமும் காய்கிற படகை நல்ல தண்ணீர் ஊற்றித் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. அடிப்பகுதியை வெறும் உலோகமாக விட்டு, தண்ணீர்க்கோட்டுக்கு மேலேயும் உள்பக்கமும் மட்டும் பெயிண்ட் அடிப்பதே உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். வாரக்கணக்கில் கட்டிப்போட்டே வைப்பீர்கள் என்றால் மட்டும் அடியில் எபாக்ஸி அடித்து, அதன் மேல் செம்பே இல்லாத பாசித்தடுப்புப் பெயிண்ட் அடிக்கலாம். செம்புக்குப் பதில் எகோனியா, ஜிங்க் பைரித்தியோன் என்ற பாசித்தடுப்பு மருந்துகள் சேர்த்த வகைகள் இருக்கின்றன. புதுச்சேரிச் சில்லறைக் கடைகளில் கிடைப்பது கஷ்டம், கப்பல் பெயிண்ட் முகவர்களிடம் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும்.

பெயிண்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ரிவெட்டைப் பார்த்துவிடுங்கள். படகைக் கட்டைகள் மேல் சமமாக, நடுவிலும் தாங்கல் கொடுத்து வைத்து, உள்ளே அரை அடி தண்ணீர் ஊற்றி, வெளியில் எங்கே சொட்டுகிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஒழுகும் ரிவெட்டை உள்ளே ஒருவர் கனமான இரும்பைக் கொடுத்துப் பிடிக்க, வெளியே ஒருவர் தட்டி இறுக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ரிவெட்டை மாற்றி, பாலியூரித்தேன் சீலன்ட் வைக்க வேண்டும். பெயிண்ட் ஒழுகலை அடைக்காது. முதல் ஓட்டத்திலேயே தகடு அதிர்ந்து பெயிண்ட் விரிசல் விடும், அந்த விரிசல் வழியாக உப்பு பெயிண்ட்டுக்கு அடியில் போய்விடும்.

பழைய பெயிண்ட்டை எடுக்கும் வேலைதான் முக்கால்வாசி வேலை. இங்கே செய்யக்கூடாதவை சில உண்டு. காஸ்டிக் சோடா வைத்துப் பெயிண்ட் உரிக்காதீர்கள், அது அலுமினியத்தையே நுரைத்துக் கரைக்கும். சிப்பியைப் போக்கப் பாத்ரூம் ஆசிட் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அதுவும் வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைத்தால் அடியில் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். பாத்ரூம் ஆசிட்டில் இருப்பது அதைவிடப் பல மடங்கு கடுமையான ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரும்புக் கம்பி பிரஷ் போடாதீர்கள், இரும்புத் துகள் புதைந்து பிறகு துருப்புள்ளியாக வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ், அதுவும் இரும்பில் பயன்படுத்தாத புதியது, நல்லது. கடலூர் சிப்காட் பக்கமோ துறைமுகப் பக்கமோ ‘காப்பர் ஸ்லாக் பிளாஸ்டிங் பண்ணித் தருகிறோம்’ (செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசடுத் துகளைக் காற்றழுத்தத்தில் வீசிப் பெயிண்ட்டை எடுப்பது) என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இரும்புக் கப்பலுக்கு அது சரி. உங்கள் தகடு அந்த வேகத்தில் நெளிந்துவிடும், ஸ்லாக் துகளும் உள்ளே பதியும். இன்னொன்று, பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வைக்கும் விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, தொழிற்சாலைப் பெயிண்ட்டுகள் அந்த விதிக்குள் வருவதில்லை. அதனால் உலர் தூளாகப் பறக்கவிடாமல் தண்ணீர் தொட்டு, முகக்கவசம் போட்டுத் தேயுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

வரிசை முக்கியம். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். அடுத்து சோப்புத் தண்ணீர். காய்ந்ததும் தின்னர் நனைத்த சுத்தமான வெள்ளைத் துணியால் துடைத்து, இன்னொரு உலர்ந்த துணியால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். துணியில் கறுப்பு வராமலாகும் வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். இதற்குப் பிறகுதான் உப்புத்தாள். பலர் முதலிலேயே தேய்த்துவிடுகிறார்கள். அப்போது எண்ணெய்ப் பசையை உலோகத்தின் கீறல்களுக்குள் அரைத்துப் புதைத்ததாகிவிடும், பிறகு எந்தத் தின்னரும் அதை முழுசாக எடுக்காது. 80 அல்லது 120 நம்பர் தாளில், பளபளப்பு முழுவதும் போய் ஒரே சீரான மங்கல் சாம்பல் நிறம் வரும்வரை தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் விரிப்பாக உடையாமல் வழிந்தால் பரப்பு சுத்தம். எங்கே முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறதோ அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது, அந்த இடத்தை மறுபடி துடைத்துத் தேயுங்கள். காசு செலவில்லாத இந்தச் சோதனையை நான் எந்த வேலையிலும் விட்டதில்லை. கடைசியாக நன்றாகக் காயவிட்டு, அன்றே, முடிந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், பிரைமர் போட்டுவிட வேண்டும். ஒரே நாளில் முழுப் படகையும் முடிக்க முடியாது என்றால் பாதிப் படகைத் தேய்த்து அதற்குப் பிரைமர் போடுங்கள். முழுக்கத் தேய்த்து ராத்திரி வெளியில் விட்டால் காலையில் உப்புக் காற்று அதன் மேல் உட்கார்ந்திருக்கும்.

பிரைமரில்தான் தொழில்காரர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. எட்ச் பிரைமர் என்பது பாஸ்பாரிக் அமிலம் கலந்த, மிக மெல்லிய பூச்சு. அலுமினியத்தை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். டூ-பேக் எபாக்ஸி பிரைமர் (பெயிண்ட் ஒரு டப்பா, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு டப்பா, இரண்டையும் கலந்து அடிப்பது) தடிமனாக நின்று ஈரத்தைத் தடுக்கும். எட்ச் அடித்து அதன் மேல் எபாக்ஸி அடிப்பதே சிறந்தது என்று ஒரு சாரார். எட்ச்சில் மிஞ்சும் அமிலம் எபாக்ஸியின் ஹார்டனரைக் கெடுக்கும், எங்கள் எபாக்ஸியை நேரடியாக உலோகத்தில் அடியுங்கள் என்று சில கம்பெனிகள். இரண்டு முறையிலும் நல்ல வேலை நடக்கிறது. நான் பின்பற்றுவது இது: தண்ணீருக்குள் போகும் இடத்தில் தேய்த்த உலோகத்தில் நேரடியாக, அலுமினியத்துக்கு ஆகும் என்று விவரத்தாளிலேயே எழுதியிருக்கும் டூ-பேக் எபாக்ஸி. தண்ணீர்க்கோட்டுக்கு மேலே எட்ச் பிரைமரும் நன்றாக நிற்கும். எதை எடுத்தாலும் பிரைமர், மேல் பூச்சு, தின்னர் மூன்றும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். பிராண்ட் பெயரை விட இது எவ்வளவோ முக்கியம். பழைய ஆட்கள் மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமரைச் சிபாரிசு செய்வார்கள். அலுமினியத்தில் அது நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் அதில் இருக்கும் குரோமியம் புற்றுநோய் வரவழைப்பது. வீட்டு முற்றத்தில் தேய்த்து அடிக்க வேண்டிய பொருள் அது இல்லை.

எபாக்ஸி வெயிலில் சுண்ணாம்பாக வெளுத்துப் போகும். அதனால் வெயில் படும் இடத்தில் அதன் மேல் டூ-பேக் பாலியூரித்தேன் இரண்டு கோட் வேண்டும். நிறம் வெளிர் சாம்பலோ இளநீலமோ வையுங்கள். உள்தரையில் பளிச்சென்ற வெள்ளை நண்பகலில் கண்ணைக் குத்தும், கரும்பச்சையோ கறுப்போ மே மாதத்தில் காலைச் சுடும். வழுக்காமலிருக்க ஈரப் பெயிண்ட்டின் மேல் சலித்த சிலிக்கா மணலைத் தூவி, காய்ந்ததும் உதறி, இன்னொரு கோட் அடிக்கலாம். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. பாலியூரித்தேனின் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. அதை ஸ்பிரே செய்தால் சாதாரண முகக்கவசம் காப்பாற்றாது, ஆஸ்துமா வரை கொண்டுபோகும். திறந்த வெளியில், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த முகக்கவசம் போட்டு, ரோலரும் பிரஷ்ஷும் வைத்து அடியுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு. விவரத்தாளில் உள்ள, கன அளவில் சொன்ன திடப்பொருள் சதவீதத்தை (volume solids) 10-ஆல் பெருக்கி, வேண்டிய தடிமன் எத்தனை மைக்ரானோ அதால் வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்று கிடைக்கும். 50 சதவீதம், 50 மைக்ரான் என்றால் 10 சதுர மீட்டர். உங்கள் படகின் வெளிப்புறம் உத்தேசமாக 8 சதுர மீட்டர் இருக்கும். வீணாவதையும் சேர்த்தால் ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஹார்டனரைக் கண் மதிப்பில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். நம் ஊர்ச் சூட்டில் கலந்த பெயிண்ட் விரைவில் கெட்டியாகிவிடும், அரை லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள்.

எப்போது அடிப்பது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது நினைக்கவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் எல்லாரும் படகைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். ஆள் கிடைக்கும், ஆனால் வெயிலில் தகடு கொதிக்கும், பெயிண்ட் பிரஷ்ஷிலேயே இழுக்கும். நிழல் பந்தல் போட்டால் செய்யலாம். என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தகட்டின் வெப்பம் பனிநிலையை (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். நடைமுறையில், பனி முழுக்கக் காய்ந்த பிறகு காலை பத்து மணிவாக்கில் தொடங்கி, பிற்பகல் மூன்றுக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலம் அடித்த எபாக்ஸி இரவு ஈரத்தில் மேலே மெழுகு போன்ற பிசுபிசுப்பை விடும். காலையில் கையில் வழவழவென்று பட்டால், நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துக் காயவைத்த பிறகே அடுத்த கோட். அப்படியே மேலே அடித்தால் ஒரு பூச்சிலிருந்து மறு பூச்சு கழன்று வரும். கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஏழு நாளாவது கழித்துத் தண்ணீரில் இறக்குங்கள்.

படகு கட்டியே கிடக்கும் என்றால் அடியில் அனோடு (படகுக்குப் பதிலாகத் தான் அரிந்து தீரும் உலோகக் கட்டி) வேண்டும். சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தில் தண்ணீர் பருவத்துக்குப் பருவம் உப்பும் நன்னீருமாக மாறுவதால், ஜிங்கை விட இண்டியம் கலந்த அலுமினிய அனோடு பொருத்தம். ஜிங்க் நன்னீரில் மேலே படலம் கட்டி வேலை செய்யாமல் போய்விடும். மெக்னீசியம் அனோடு உப்புத் தண்ணீரில் அளவுக்கு மீறி வேலை செய்து பெயிண்ட்டைக் கொப்பளிக்க வைக்கும். அனோடு மேல் மட்டும் பெயிண்ட் பட்டுவிடாமல் டேப் ஒட்டி மூடிக்கொள்ளுங்கள். உட்காரும் பலகையை மாற்றுவதாக இருந்தால், செம்பு மருந்து ஏற்றிப் பதப்படுத்திய மரம் வேண்டாம், அதில் ஊறும் ஈரமும் அலுமினியத்தைத் தின்னும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளுக்கு நைலான் வாஷர் போட்டு சீலன்ட் வைத்து முடுக்குங்கள். மோட்டாரின் கீழ்த்தண்டும் அலுமினியம்தான், செம்புப் பெயிண்ட் அங்கேயும் கூடாது. பேட்டரி வைப்பீர்கள் என்றால் நெகட்டிவுக்குத் தனி வயர் இழுங்கள், படகின் உடம்பை எர்த்தாக்க வேண்டாம்.

மீன்வளத் துறையில் பதிவான படகு என்றால் பதிவு எண்ணைத் தேய்ப்பதற்கு முன் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, நிறம் மாற்றுவதற்கு விதி ஏதும் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அந்த உரிந்த செதிலின் பின்பக்கம் எப்படி இருந்தது, எத்தனை ரிவெட் ஒழுகியது என்று பார்த்து எழுதுங்கள். வெள்ளைத் தூள் இருந்து, அதற்கு அடியில் குழிகளும் இருந்தால், ஒரு ஊசியை வைத்துக் குழியின் ஆழத்தையும் அளந்து சொல்லுங்கள். தகட்டின் தடிமனில் பாதிக்கு மேல் குழி போயிருந்தால் பெயிண்ட் வாங்கும் முன் அலுமினியம் வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.